ஸ்ரீரங்கம் போவதாகச் சொல்லிவிட்டு

“…அதனால யாரு கேட்டாலும் ஸ்ரீரங்கம்னு சொல்லு. பொய் ஒண்ணும் இல்ல, அங்கயும்தான் இறங்கப் போறோம். உங்க டீச்சருக்குச் சந்தேகம் வந்தா நான் வந்து பேசிக்கிறேன்” என்றபடி பெரியம்மா என் இரட்டைச் சடையில் இரண்டாவதை மடக்கி ரிப்பன் கட்டினாள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. பொய் சொல்லக் கூடாது என்று டீச்சர் பாடம் நடத்தி முடித்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. பாடம் இன்னும் சூடாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் கலக்கம். ஆனால் திருச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது டீச்சரின் பாடம் எவ்வளவு நேரம் தாங்கும்? ரிப்பன் முடிச்சு விழுவதற்குள் நான் ஸ்ரீரங்கத்துக்குச் சம்மதித்துவிட்டேன்.

உண்மையில் நாங்கள் போனது திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு. அங்கே புதன்கிழமை மட்டும் பெண்களுக்கென்று ஒரு டாக்டரம்மா வருவார். காலை எட்டு மணிக்குள் சீட்டு வாங்கிவிட வேண்டும். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, மதியம் ஊர் திரும்பும் வண்டியையும் பிடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. பெரியம்மாவின் திட்டம் இவ்வளவுதான்.

என்னை அழைத்துப்போனதற்குக் காரணம், அவளுக்குப் படிக்கத் தெரியாது. “போர்டைப் படிக்க ஒரு ஆளு வேணும், வாயைத் திறக்காத ஆளா வேணும்” என்று என் அம்மாவிடம் சொன்னாள். முதல் தகுதி என்னிடம் இருந்தது. இரண்டாவதை அவளாக நம்பிக்கொண்டாள்.

ஏன் ஆஸ்பத்திரி என்று சொல்லக் கூடாது என்பதை விளக்க வேண்டுமானால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருங்காபுரியைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டிய ஊர். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கிணற்றில் கிடக்கும் தண்ணீருக்குக் கத்தரிக்காய். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆஸ்பத்திரி என்ற சொல்லை வாயில் எடுப்பது அங்கே அபசகுனம். அது ஒரு பக்கம். சொல்லிவிட்டால் நடப்பது இன்னும் மோசம். போய் வந்த அன்று மாலையே ஊர் முழுக்க ரொட்டியும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்துவிடும். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயையும் பார்க்காமல் போகமாட்டார்கள். எங்கே வலி, எப்போதிருந்து, டாக்டர் என்ன சொன்னார், அதற்கு அவர் முகம் எப்படி இருந்தது என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

ஆகவே காய்ச்சலுக்கு மேல் எது வந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் ஸ்ரீரங்கம் போனார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் எங்களுக்குப் பக்தி அதிகம் என்று நல்ல பெயர்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பேச்சில் அவளை அடிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. களை எடுக்கிற இடத்தில், கத்தரிக்காய் பறிக்கிற இடத்தில் அவள் ஒரு வார்த்தை விட்டால் பத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். வலது காலை இடது காலுக்குக் குறுக்கே போட்டு, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வானத்தில் எதையோ தேடுகிற மாதிரி நிற்பாள். அதைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் சிரிப்பார்கள். எனக்கு அது பெரிய கெத்தாகத் தெரிந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் அம்மாவின் துண்டைக் கடித்துக்கொண்டு, காலைக் குறுக்கே போட்டு, கண்ணாடி முன்னால் நான் பழகிப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டபோது வயிற்றுவலி என்றாள். உண்மையை நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் சொன்னாள். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. குடம் தூக்கினால் சிரமம், குந்தி உட்கார்ந்தால் சிரமம். எட்டு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறாள். ஏழு கிலோமீட்டரில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருந்தார், நல்ல மனிதர். ஆனால் ஆண் டாக்டர். “அந்தத் தம்பிகிட்டப் போய் இதை எப்படிடி சொல்றது” என்று வாசல் வரை போய்த் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். திருச்சிக்குப் போகலாம் என்றால் முதல் பஸ் போய்ச் சேரும்போது மணி பத்து. எட்டு மணிச் சீட்டுக்கு முதல் நாளே போய் எங்காவது தங்க வேண்டும். தங்கினால் மாட்டில் பால் யார் கறப்பது, ஆட்டை யார் ஓட்டுவது, கூட யார் வருவது? இப்படி ஒவ்வொரு கேள்வியும் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. அந்த வருடம்தான் புதிதாக ஒரு நர்ஸம்மா எங்கள் பக்கம் வந்தார். வாசலில் நின்று மோர் குடித்தபடியே பெரியம்மாவைப் பேச வைத்து, ஒரு சீட்டில் புதன்கிழமை டாக்டரம்மாவின் அறை எண்ணை எழுதிக் கொடுத்துப் போனார்.

பஸ்ஸுக்குப் பதில் பெரியம்மா கண்டுபிடித்த வழி, மாமாவின் குட்டியானை. யானை இல்லை, நாலு சக்கரச் சின்னச் சரக்கு வண்டி, எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர். மாமா என் அம்மாவின் தம்பி, அதனால் பெரியம்மாவுக்கும் தம்பி. எங்கள் ஊரிலேயே நிலம் வாங்கிக் குடியேறியவர். புதன்கிழமைகளில் காந்தி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். அக்கா ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்றதும், இறக்கிவிட்டு அப்படியே கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

ரகசியமாகப் போக நினைத்த பெரியம்மாவுக்கு முதல் இடி, வண்டியில் எங்களுக்கு முன்பே இரண்டு பேர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேலவீட்டுத் தாத்தா. இன்னொருத்தி எதிர்வீட்டுச் சித்தி, கல்யாணமாகி நாலு வருடம் ஆனவள்.

“நீயும் ஸ்ரீரங்கமாம்மா?” என்றார் தாத்தா.

“ஆமா மாமா. நீங்க?”

“அட, ஸ்ரீரங்கந்தான்.”

சித்தி தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பையின் வாயில் ஒரு தேங்காய் தெரிந்தது. தாத்தாவின் பையிலும் தேங்காய். எங்கள் மஞ்சள் பையிலும் நர்ஸம்மாவின் சீட்டுக்கு மேல், வெற்றிலை பாக்குக்கு மேல், ஒரு தேங்காய்.

மாமா ஓட்டுகிற இருக்கையில் ஒரு துண்டைச் சும்மாடு மாதிரி வட்டமாகச் சுற்றிப் போட்டு, அதன் மேல் மெதுவாக, ஒரு பக்கமாக உட்கார்ந்தார். ஏன் மாமா என்று கேட்டேன். எஞ்சின் சூடு என்றார். வண்டி அப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை.

கத்தரிக்காய் மூட்டை மேல் பயணம் போனவர்களுக்குத் தெரியும், அதைவிட மெத்தை கிடையாது. வேகத்தடை வரும்போது மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பி உட்காருவோம். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து மாமா “அப்பா பெருமாளே” என்பார். எங்களைவிட அவருக்குத்தான் பக்தி முற்றிவிட்டது என்று பெரியம்மா சொன்னாள். சித்தி சிரித்தாள். பெரியம்மா மூட்டை மேலேயே காலைக் குறுக்கே போட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு, காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தின் முன்னால் வண்டி நின்றபோது அப்போதுதான் விடிந்திருந்தது. ரெண்டு மணிக்கு இதே இடத்துக்கு வந்துடுங்க, நான் அதுவரைக்கும் வண்டியிலேயே படுத்துத் தூங்குவேன் என்றார் மாமா. தாத்தா அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு பக்கம் நடந்தார். சித்தி, கூடப் படித்தவள் வீடு சித்திரை வீதியில் இருக்கிறது என்று சொல்லி இன்னொரு பக்கம் நடந்தாள். நாங்கள் கோயிலுக்குள் போகிறவர்கள் மாதிரி நாலு எட்டு எடுத்து வைத்துவிட்டு, பூக்கடைக்குப் பின்னால் சுற்றி வந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் முன் இருக்கையில் தலை முழுக்க முக்காடு போட்டுக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்தாள். கடைசி இருக்கையில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தாத்தா. என் வாய் திறப்பதற்குள் பெரியம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

“நாம யாரையும் பாக்கல.”

சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காவேரியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல், எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே, காலிச் சாக்குகள் படபடக்க மாமாவின் குட்டியானை வந்துகொண்டிருந்தது. யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டதால் அதையும் நான் சொல்லவில்லை. பின்னாளில் இதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஒரே ஊரிலிருந்து ஒரே வண்டியில் வந்தவர்கள், ஒரே ஆஸ்பத்திரிக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறோம். எங்களை ஏற்றிவந்த வண்டி காலியாகப் பின்னால் வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எல்லோரும் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மாமா. அவருக்கு மூன்று ஆள் பின்னால் தாத்தா. எங்களுக்கு இரண்டு ஆள் பின்னால் முக்காடு. யார் முதலில் பார்த்தது என்று தெரியவில்லை, நாலு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார்கள். நாலு பேர் கையிலும் பை. மூன்று பைகளில் தேங்காய்.

பெரியம்மாதான் ஆரம்பித்தாள். “என்னடா தம்பி, ரெங்கநாதர் இங்க குடி வந்துட்டாருன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

எங்களை யாரென்றே தெரியாத வரிசை முழுக்கச் சிரித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். தாத்தாதான் தீர்ப்பு சொன்னார். “சரி விடுங்க. அவங்கவங்க வேண்டுதல் அவங்கவங்களுக்கு. யாரும் யாரையும் கேக்க வேணாம்.” ஊருக்குள் ஒருநாளும் நடக்காத நியாயம் அந்த வரிசையில் நடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

சீட்டு வாங்கியதும் என் வேலை தொடங்கியது. போர்டு போர்டாகப் படித்து, எலும்பு, காது மூக்கு தொண்டை எல்லாவற்றையும் கடந்து, பெரியம்மாவைப் பெண்கள் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தது தெரிந்தால் பரவாயில்லை, எந்த அறைக்கு வந்தது என்று தெரியக் கூடாது. பெரியம்மாவும் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் நான்.

பத்தரை மணி இருக்கும், பெரியம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட வந்தவர் யார் என்று கேட்டார். பெரியம்மா என்னைக் காட்டினாள்.

“பாப்பாவா? பெரியவங்க ஒருத்தர் வேணும்மா. பரிசோதனை பண்ணும்போது கூட இருக்கணும், என்ன செய்யணும்னு சொன்னா கேட்டுக்கணும். இல்லாட்டி அடுத்த புதன் யாரையாவது கூட்டிக்கிட்டு வந்துடுங்களேன்.”

அந்த நர்ஸ் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த புதன் என்பது பெரியம்மாவுக்கு அடுத்த வாரம் இல்லை. இன்னொரு ஸ்ரீரங்கம், இன்னொரு மூட்டை, மாட்டுக்கு இன்னொரு ஆள். யாரையாவது கூட்டிவர வேண்டும் என்றால் யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாததால்தானே என்னைக் கூட்டிவந்தாள். பேச்சுக்குப் பேர் போன என் பெரியம்மா “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து மஞ்சள் பையை எடுத்தாள். நடந்துபோக ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. பெரியவர் ஒருவர் வேண்டும் என்கிறார்கள், அதோ ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், இதில் என்ன சிக்கல் என்றுதான் நினைத்திருப்பேன்.

“சித்தி” என்று கத்தினேன். “எதிர்வீட்டுச் சித்தி. பெரியம்மாவுக்குப் பெரியவங்க வேணுமாம்.”

கூடம் முழுக்கத் திரும்பியது. பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் சடை இரண்டும் அவிழ்ந்துவிடும் போலிருந்தது. சுவர்ப்பக்க முதுகு அசையவில்லை. பிறகு சித்தி எழுந்தாள். முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நேராக வந்து பெரியம்மா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, “நான் இருக்கேன். இவங்க தங்கச்சி” என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, நானும் தனியாத்தான் வந்திருக்கேன். என்னைக் கூப்பிடுறப்ப நீங்க வந்து நிக்கணும்” என்றாள்.

என்னை எங்கே விடுவது என்று தெரியாமல் அவர்களோடு உள்ளே விட்டுவிட்டார்கள். பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கேட்பதும் பெரியம்மா முனகுவதும் காதில் விழுந்தது.

“இருமினா, தும்மினா கஷ்டமா இருக்கா?”

“ஆமாம்மா. அடக்க முடியாது, சேலை நனைஞ்சிடுது.”

“சிரிச்சா?”

“சிரிக்கிறதை விட்டுட்டேம்மா. எட்டு வருஷம் ஆச்சு.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்குப் பல நாள் புதிர் ஒன்று அவிழ்ந்தது. எங்கள் தெருவில் ஒரு மாமா முருகனுக்கு வேண்டிக்கொண்டு பீடியை விட்டிருந்தார். இன்னொருவர் கறி சாப்பிடுவதை விட்டிருந்தார். பெரியம்மா சிரிப்பை விட்டிருக்கிறாள். ஏதோ பெரிய வேண்டுதலாக இருக்கும்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வளையம் மாதிரி ஒன்றைப் பொருத்தி, இது தாங்கிக்கொள்ளும், மூன்று மாதத்தில் வந்து காட்டுங்கள், ஆபரேஷன் வேண்டுமா என்று அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சித்தியிடம் சொன்னார். பெரியம்மாவிடம், “இதுக்காம்மா எட்டு வருஷம் காத்திருந்தீங்க?” என்று கேட்டார்.

“வர்ற வழி கொஞ்சம் தூரம்மா” என்றாள் பெரியம்மா.

பிறகு பையிலிருந்த தேங்காயை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இதெல்லாம் வேண்டாம் என்று டாக்டரம்மா மறுத்ததற்கு, “பெருமாளுக்குன்னு கொண்டு வந்ததும்மா. நீங்க வச்சுக்கிட்டா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றாள்.

அடுத்துச் சித்தியின் முறை. இந்தத் தடவை பை பெரியம்மா கையில். அவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் போக, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது யாரும் பஸ் தேடவில்லை. எல்லோரும் குட்டியானையிலேயே ஏறினோம். தாத்தாவுக்குக் கண்ணைப் பரிசோதிக்கச் சொட்டு மருந்து ஊற்றியிருந்தார்கள், சாயங்காலம் வரை எதுவும் தெளிவாகத் தெரியாதாம். கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்ற சித்தியிடம், எனக்குத் தெரியாத ஸ்ரீரங்கமா என்று உதறிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியத்துக்கு நடை சாத்தியாகிவிட்டது. திறக்கும்வரை நிற்க நேரமில்லை, பெரியம்மாவின் மாடு காத்திருந்தது. ஊருக்குக் காட்டக் குங்குமமும் கல்கண்டும் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டோம். வெளியில் நின்றாவது ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்றார் மாமா. நாங்கள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில் தாத்தாவைக் காணவில்லை.

அவர் கொஞ்சம் தள்ளி ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றார். கடை அன்றைக்குத்தான் திறந்திருப்பார்கள் போல, வாசலில் வாழைமரம், சாம்பிராணிப் புகை. நடுவில் ஆள் உயரப் பொம்மை ஒன்று பட்டுப்புடவை கட்டி, கழுத்தில் ரோஜாமாலையோடு நின்றது. தாத்தா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். தேங்காயை எடுத்துப் பொம்மையின் காலடியில் வைத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “தாயே, கண்ணு சரியாகட்டும், அடுத்த மாசம் உள்ள வந்து நின்னு நிதானமாப் பாக்குறேன்” என்றார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, தள்ளுபடி நோட்டீஸ் ஒன்றைப் பணிவாக நீட்டினார். தாத்தா அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, நாலாக மடித்து மடியில் செருகினார்.

மாமா பெரியம்மாவைப் பார்த்தார். சித்தி பெரியம்மாவைப் பார்த்தாள். இதற்கு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று நானும் பார்த்தேன். அந்த வார்த்தையை ஊருக்குப் போனதும் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்று அதற்குள் முடிவுகூடச் செய்துவிட்டேன்.

பெரியம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கால் குறுக்கே போகவில்லை, முந்தானை பல்லுக்கு வரவில்லை. அவள் தன் காலைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அது சிரிப்பு என்றே எனக்குத் தெரியவில்லை, அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. சித்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தியின் கண்ணில் தண்ணீர். சிரிக்கிற இடத்தில் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எட்டு வருட வேண்டுதல், அதுவும் கோபுரத்துக்கு நேர் முன்னால் கெட்டுப்போகிறதே. பெரியம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“பெரியம்மா, நீ சிரிக்கிறதை விட்டவ. சாமி பாத்துக்கிட்டிருக்கு.”

பெரியம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு வண்டியின் பின்பலகையில் ஏறி, காலிச் சாக்குகள் மேல் இரண்டு காலையும் அகல நீட்டி உட்கார்ந்துகொண்டு, கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.